அக்காவுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட், தங்கைக்கு இந்திய பாஸ்போர்ட்... அலாஸ்காவுக்கு எந்தக் கப்பல்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு பழைய வீடு. மாடியில் அக்கா, கீழே தங்கை. அக்காவுக்கு 74 வயது, தங்கைக்கு 69.

அக்கா, ஒரு சொல்தாவைக் கல்யாணம் செய்துகொண்டு பிரான்ஸுக்குப் போனவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் இப்படித்தான் சொல்வார்கள். கணவர் காலமான பிறகு ஊருக்கே திரும்பிவிட்டார். தங்கை அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நடுவில் 30 வருடங்கள், கல்யாணம், சாவு என்றால்தான் இருவரும் பார்த்துக்கொண்டார்கள். சேர்ந்து போன ஊர் என்றால் வேளாங்கண்ணி மட்டும்தான்.

இப்போது இருவருக்கும் அலாஸ்கா ஆசை. அக்காவின் இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. "இந்த வருஷம் விட்டா அப்புறம் எனக்குக் கிடையாதுடி" என்கிறார்.

கப்பலைத் தேர்ந்தெடுக்கும் வேலை தங்கை மகளிடம் வந்தது. எல்லோரையும் போல அவரும் முதலில் கப்பல்களின் படங்களைத்தான் பார்த்தார். 'ஓவேஷன் ஆஃப் தி சீஸ்' மாதிரியான ராட்சதக் கப்பல்களில் நாலாயிரம் பேருக்கு மேல் போகலாம். ஆளைக் கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து உயரத் தூக்கிக் காட்டும் வசதிகூட அதில் உண்டு. அக்கா படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நாம பனி பாக்கப் போறமா, பொருட்காட்சிக்குப் போறமா?"

அதன்பிறகுதான் வழித்தடத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான்.

அலாஸ்கா கப்பல்கள் ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஓடுகின்றன. பெரும்பாலும் ஏழு இரவுப் பயணம். அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறி அங்கேயே இறங்கலாம். கனடாவின் வான்கூவரில் ஏறி அங்கேயே இறங்கலாம். அல்லது வான்கூவரில் ஏறி, வடக்கே சூவர்ட் அல்லது விட்டியரில் இறங்கி, பிறகு விமானம் பிடிக்கலாம். விமானம் மாறி மாறிப் பெட்டி தூக்க முட்டி இடம் தராது என்பதால் கடைசி வழி உடனே அடிபட்டது.

"சியாட்டில்னா அமெரிக்க விசா ஒண்ணே போதும், கனடா விசா மிச்சம்" என்றார்கள் தெரிந்தவர்கள். நம் ஊரில் நிறைய பேர் நம்புவது இது. ஆனால், 1886-ல் போட்ட ஓர் அமெரிக்கச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றி அமெரிக்கத் துறைமுகங்களையே சுற்றிவிட்டு இறக்க முடியாது. நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக் கொடிதான். அதனால் சியாட்டில் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரமாவது நிற்கும். ஆக, இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் தங்கைக்கு எந்த வழியில் போனாலும் இரண்டு விசா வேண்டும்.

அக்காவுக்கு? அமெரிக்காவுக்கு 'எஸ்டா', வான்கூவருக்கு விமானத்தில் போவதற்கு 'இடிஏ'. இரண்டையும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் வாங்கலாம். தங்கையோ சென்னை அமெரிக்கத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்க வேண்டும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, இங்கே பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைக் கேட்டு வாங்க ஆறு மாதம் அவகாசம் இருந்தது. இவர்கள் அப்பா கேட்கவில்லை. அக்காவுக்குக் கல்யாணத்தால் கிடைத்தது. இதுபோல ஒரே வீட்டில் இரண்டு நாட்டு பாஸ்போர்ட் இருப்பது இந்த ஊரில் புதிதில்லை.

இவ்வளவு செலவு செய்வதற்கு முன் கடல் ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க வேண்டாமா? சென்னையிலிருந்து கிளம்பும் கோர்டிலியாவின் 'எம்ப்ரஸ்' கப்பலில் ஒரு குட்டிப் பயணம் போய் வந்தார்கள். 2022 ஜூனில் சூதாட்டம் வரும் என்று எதிர்ப்பு கிளம்பி, புதுச்சேரிக்குள் அனுமதி மறுக்கப்பட்டதே, அதே கப்பல். 2025 ஜூலையில்தான் அது இங்கே வந்தது. ஆழமான துறைமுகம் இல்லாததால் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்க, பயணிகள் படகில் கரைக்கு வந்தார்கள். அந்தக் கப்பல் 1990-ல் பிரான்ஸின் சான் நசேரில் கட்டப்பட்டது என்று தெரிந்ததும் அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வங்காள விரிகுடா லேசாக ஆடியது. முட்டிவலிக்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்தளம் வரை போய்விட்டார். எல்லோரும் பயந்தது அவருக்காகத்தான். படுக்கையை விட்டு எழ முடியாமல் வாந்தி எடுத்தவர் தங்கை!

அதோடு முடிவு வான்கூவர் பக்கம் சாய்ந்தது. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் வான்கூவர் தீவுக்கு மேற்கே, திறந்த பசிபிக் வழியாகப் போகும். அலை தூக்கிப் போடும். வான்கூவரில் கிளம்புபவை தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே, இரண்டு பக்கமும் மலை காக்கும் நீரில் போகும். அறையும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் என்று தீர்மானமானது. அங்கேதான் ஆட்டம் குறைவு. 'இடது பக்கமா, வலது பக்கமா' என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. போய்த் திரும்பும் கப்பலில் இரண்டு பக்கமும் கரை தெரியும்.

கடைசிக் கேள்வி, பனியாறு. மலையிலிருந்து நகர்ந்து வந்து கடலில் இடிந்து விழும் பனிக்கட்டி ஆறு. அதைப் பார்க்க கிளேசியர் பே தேசியப் பூங்கா வேண்டும் என்பதில் இருவரும் ஒரே கட்சி. அங்கே ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. யாரும் இறங்குவதில்லை. பூங்காக் காவலர்கள் கப்பலில் ஏறி வந்து விளக்குவார்கள், கப்பல் மெதுவாகத் திரும்பிக் காட்டும். முட்டிக்கு இதைவிட வசதி ஏது? ஹாலந்து அமெரிக்கா, பிரின்சஸ் கப்பல்கள் அங்கே அதிகம் போகின்றன. ஹாலந்து அமெரிக்காவின் 'கோனிங்ஸ்டாம்' சுமார் 2,650 பேர் போகும் நடுத்தரக் கப்பல். சறுக்குமரம் கிடையாது. போதும் என்றார்கள்.

மாதத்தில்தான் சின்னச் சண்டை. விலை குறைவு என்று தங்கை செப்டம்பர் கேட்டார். அந்தப் பக்கத்தில் மழை கொட்டத் தொடங்கும் மாதம் அது. மே, ஜூன்தான் ஓரளவு வறண்டது. அக்கா ஜூனில் நின்றார், ஜெயித்தார். பிரான்ஸில் வாங்கிய கம்பளிக் கோட்டுகள் இரண்டு, அந்துருண்டை வாசத்தோடு இப்போது மாடி வெயிலில் காய்கின்றன.

முன்பணம் கட்டியாகிவிட்டது. முழுத் தொகைக்குக் கெடு வருவதற்குள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் கட்டணமாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார் மகள். தங்கையின் விசா அந்தக் கெடுவுக்குள் வர வேண்டும்.

வராவிட்டால் அக்கா மட்டும் போகலாமே என்று மகள் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். தனியாகப் போனால் அறைக்கு ஏறக்குறைய இரண்டு பேர் காசு கேட்பார்கள் என்பதையும் சொன்னார்.

"காசு கிடக்கட்டும். அந்த ஐஸைப் பாத்துட்டு நான் யார்கிட்டத் திரும்பி 'பாத்தியாடி'ன்னு கேக்கறது?" என்றார் அக்கா. நேர்காணல் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தங்கை தினமும் ஒருமுறை ஃபைலைத் திறந்து பென்ஷன் தாள்களை எண்ணிப் பார்த்து மூடி வைக்கிறார்.