கேட்டுக்கொண்டிருப்பவள்

நாடகம் எழுத வேண்டும், என்ன படிக்கலாம் என்று கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடகமேடை நினைவுகள்’. ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்த அளவுக்கு அவர் படிப்பாளி. ஆனால் அவரை எழுத வைத்தது கண்ணால் பார்த்த நாடகம். 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் குழு சென்னைக்கு வந்து தெலுங்கில் நடித்ததைப் பார்த்தார். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே இளக்காரமாக நினைத்தவர், அந்த ஆண்டே நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கிவிட்டார்.

எனக்குப் படிப்புதான் முதலில் வாய்த்தது. நாடகம் வந்து போகிற ஊரில்லை எங்கள் ஊர். நூலகத்தில் கிடைத்த நாடகங்களையெல்லாம் யாருமில்லாத நேரம் பார்த்து உரக்கப் படிப்பேன். சோபாக்ளிஸின் இடிபஸ் கதையில் அரசனின் வசனங்கள் பாதிக்குமேல் மனப்பாடம். யார் பேசுகிறார், அடுத்து யார் பேசுகிறார் என்றே கண் ஓடும். அச்சடித்த நாடகத்தை அப்படித்தான் யாரும் படிப்போம்.

பிறகு ஒரு கோடையில் செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்துக்கு நண்பன் கூட்டிப்போனான். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம். நாங்கள் போன இரவு கர்ண மோட்சம். போருக்குப் புறப்படுகிற கர்ணன், மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருகிறான். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்ற ஆத்திரம் அவளுக்கு. பாட்டும் வசனமுமாகத் தர்க்கம் நடக்கிறது. கூட்டத்தில் பெண்கள் பொன்னுருவி பக்கமும் கர்ணன் பக்கமுமாகப் பிரிந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கர்ணன் தன் பிறப்பைச் சொல்கிறான். குந்தி பெற்ற பிள்ளை நான் என்று பாடுகிறான். பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை வாங்கித் திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள், முகவீணை கூடவே ஏறுகிறது.

நான் பார்த்தது கர்ணனை அல்ல. பொன்னுருவி வேஷம் கட்டியவர் எனக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். அதுவரை இடுப்பில் ஊன்றியிருந்த கை முதல் அடியில் அப்படியே இருந்தது. இரண்டாம் முறை பாடியபோது விரல்கள் மட்டும் பிரிந்தன. மூன்றாம் முறை கை கீழே வந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானை நுனியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. தலை நிமிர வெகுநேரம் ஆயிற்று. என் பக்கத்திலிருந்த பாட்டி, “இப்ப என்னா பண்ணுவ?” என்று அவளிடமே கேட்டாள்.

பிறகு அந்தக் கூத்தின் சிறு பதிப்பை வாங்கிப் பார்த்தேன். கர்ணன் பாடுவது இருக்கிறது. பொன்னுருவி கேட்டது எங்கும் இல்லை. எழுதியவர் அதை விட்டுவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. எந்தச் செய்தியை, யார் முன்னால், எந்த நேரத்தில் சொல்ல வைப்பது என்று முடிவு செய்தாரே, அதுதான் எழுத்து. மீதியை வாத்தியாரும் வேஷக்காரரும் பார்த்துக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு இடிபஸை மறுபடி எடுத்தேன். கொரிந்துவிலிருந்து வந்த தூதன், கணுக்கால் துளைக்கப்பட்ட குழந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இடிபஸ் கேள்விமேல் கேள்வி கேட்கிறான். அரசி யோகாஸ்டா பக்கத்தில் நிற்கிறாள். பக்கம் முழுக்க அவளுக்கு ஒரு வரி கிடையாது. தன் கணவனே தன் மகன் என்பது அரசனுக்கு முன்பே அவளுக்கு விளங்கிவிடுகிறது. எத்தனையோ தடவை படித்த பக்கம். அவள் அங்கே நிற்பதை அன்றுதான் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது. செக்காவின் செர்ரித் தோட்டத்திலும் இப்படி ஒன்று உண்டு. லோபாகின் கல்யாணப் பேச்சை எடுப்பான் என்று வார்யா காத்திருக்கிறாள், மூட்டைகளில் எதையோ தேடுகிற பாவனையில். அவனோ குளிரைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறான்.

நாடகப் பட்டறை ஒன்றுக்கு அதன் பிறகே போனேன். 1977இல் காந்திகிராமத்தில் பேராசிரியர் இராமானுஜம் நடத்திய பட்டறையும், 1980இல் சென்னைச் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறையும் தமிழ் நவீன நாடகத்துக்கு ஒரு தலைமுறையையே தந்தவை. எங்கள் ஆசிரியர் அந்தத் தலைமுறையிடம் பயின்றவர். பெரும்பாலும் உடற்பயிற்சி, குரல் பயிற்சி. எழுத வந்தவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று சிலர் கிளம்பிவிட்டார்கள். ஒருநாள் அவர் ஒரு பயிற்சி தந்தார். ஒருவர் பேசுகிறார், இன்னொருவர் வாயே திறக்கக் கூடாது. பேசுபவரின் வசனத்தை எழுத வேண்டாம். கேட்பவர் எந்த இடத்தில் மாறுகிறார் என்று மட்டும் எழுதுங்கள் என்றார்.

எழுத உட்கார்ந்ததும் வந்தது என் அக்கா. அதுவரை வெளியாரிடம் நான் சொல்லாதது இது. கூடத்தில் பெரியப்பாவும் மாமாக்களும் அவள் கல்யாணத்தைப் பேசி முடித்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வயது, நிலம், நகைக் கணக்கு. அக்கா அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்ற எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. மாப்பிள்ளையின் வயதைச் சொன்னபோது சாய்த்த பானையை அவள் நிமிர்த்தினாள். கஞ்சி பாதிதான் வடிந்திருந்தது. பிறகு மறுபடி சாய்த்தாள். அவ்வளவுதான். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பானை பல வருஷங்கள் என் மனத்தில் கிடந்தது. அதை எங்கே வைப்பது என்று அந்தப் பட்டறையில்தான் தெரிந்தது.

அந்தப் பயிற்சியே நாடகமாக வளர்ந்தது. முதல் காட்சி முழுவதும் அவள் மேடையில் இருக்கிறாள், ஒரு சொல் பேசுவதில்லை. மாமாக்களின் வசனம் ஒவ்வொன்றையும் அவள் காதுக்குப் போகிற கணக்கில்தான் எழுதினேன். வயது எங்கே வர வேண்டும், நகை எங்கே வர வேண்டும் என்று வரிகளை இடம் மாற்றி மாற்றி வைத்தேன்.

ஒத்திகையில் இயக்குநருக்குத் தயக்கம். “சார், கடைசியில ஒரே ஒரு வசனமாவது குடுங்க. ஜனங்க எதிர்பார்ப்பாங்க” என்றார். அவள் பேசிவிட்டால் அதுவரை கேட்டதற்கு அர்த்தமில்லாமல் போகும் என்று நான் வாதாடினேன். பேச்சு நீண்டது. முடிவில் அந்த வேஷம் கட்டுகிற பெண்ணையே கேட்டோம். அவள் வசனம் வேண்டாம் என்றுவிட்டாள். ஒத்திகைக்கு வைத்திருந்த காலிப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டி, “இதுல வெயிட்டே இல்ல சார், நெஜமா சோறு ஆக்கித் தாங்க” என்றாள். அன்று மாலையே நாலு படி பிடிக்கிற பானை ஒன்றும் அடுப்பும் வாங்கி வந்தோம்.