ஒரு போத்தல் தண்ணீர்

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தால் எங்களை மூன்று நாள் காட்டு முகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த மூன்று நாளும் நான் ‘ரெண்டுக்கு’ப் போகவேயில்லை. அங்கே கடதாசி மட்டும்தான் இருந்தது. தண்ணீரால் கழுவிப் பழகின எனக்கு அது சரிவரவில்லை. ஒரு போத்தலில் தண்ணீர் கொண்டு போயிருக்கலாம். ஆனால் “அது எதுக்கு?” என்று மற்றப் பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்லுறது? அந்த ஒரு கேள்விக்குப் பயந்து சாப்பாட்டையும் குறைத்தேன், தண்ணீர் குடிப்பதையும் குறைத்தேன். வீட்டுக்கு வந்து வயிற்றுவலியில் படுத்துக் கிடந்தபோதும் அம்மாவிடம் காரணத்தைச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு யாராவது ‘கேம்பிங்’ என்றால் “எனக்கு நுளம்பு ஒத்துவராது” என்று சொல்லித் தப்பிவிடுவேன். போன கோடையில் எட்டு வயது மகள் விடவில்லை. ஸ்காபரோவில் இருந்து மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடி, அல்கொன்குயின் பூங்காவில், அறுபதாம் இலக்க நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு முகாமிடத்துக்குப் போனோம். நாங்கள் மூன்று பேர், கூட என்ர அம்மா. “காட்டுக்குள்ள போய்ப் படுக்கவோ நாங்கள் கனடாவுக்கு வந்தனாங்கள்?” என்று கேட்டுக்கொண்டே அம்மா முதல் ஆளாக வாளியைக் காரில் ஏற்றினா.

முதல் நாள் பின்னேரம் மகள் ஜூஸ் வேண்டாம் என்றாள். இரவு சோறும் வேண்டாம் என்றாள். “வயிறு நோகுதா?” என்றால் இல்லையாம். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஆட்கள் இல்லாத பக்கம் கூட்டிக்கொண்டு போய் மெல்லக் கேட்டேன். “அந்தக் குழிக் கக்கூசில தண்ணி இல்லை அம்மா. போத்தல் கொண்டு போனா பக்கத்து டென்ட் பிள்ளையள் பார்ப்பினம்.”

நான் ஒரு சொல்லும் சொல்லிக் கொடுக்கவில்லை. இருந்தும் அதே வெட்கம் அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. யோசித்துப் பார்த்தால், நான் சொல்லிக் கொடுக்காததுதான் பிழை. வீட்டில் எல்லோரும் கழுவுகிறோம். ஆனால் வெளியிடத்தில் அதை எப்படிச் செய்யலாம் என்று நான் அவளோடு ஒருநாளும் கதைத்ததில்லை.

அன்று இரவே என்ர ஆறாம் வகுப்புக் கதையை அவளுக்குச் சொன்னேன். பக்கத்தில் இருந்த அம்மாவும் அப்போதுதான் அதைக் கேட்டா. “ஏனடி பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?” என்று மட்டும் கேட்டா. பிறகு எழும்பிப் போய், நசுக்கினால் தண்ணீர் பீச்சுகிற பழைய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றைக் கழுவி, நிரப்பி, மகளின் கையில் கொடுத்தா. மகள் அதைத் துவாய்க்குள் சுற்றிக்கொண்டு டோர்ச் லைட்டோடு போய் வந்தாள். வந்த கையோடு சோறு கேட்டாள்.

அடுத்த நாள் காலையில் எங்கள் இடத்தை அம்மா கிணற்றடி மாதிரி ஆக்கிவிட்டா. திருகு குழாய் வைத்த தண்ணீர்க் கலனை மேசை ஓரத்தில் வைத்து, கீழே ஒரு வாளி. சவுக்காரம் மண்ணில் விழாமல் பழைய நைலோன் காலுறைக்குள் போட்டு மேசைக்காலில் கட்டிவிட்டா. கக்கூசுக்குப் போய் வந்தாலும், சாப்பிட முந்தியும், எல்லோரும் அங்கே கை கழுவ வேண்டும். ஹேண்ட் சானிடைசர் இருக்கிறதே என்று நான் சொன்னேன். ஆனால் கையில் மண்ணும் எண்ணெயும் இருந்தால் அது சரியாக வேலை செய்யாது. வாந்தி பேதி கொண்டுவருகிற நோரோவைரஸை அகற்றவும் சவுக்காரமும் தண்ணீரும்தான் நல்லது.

மகள் அம்மம்மாவைத் திருத்தின இடமும் ஒன்று உண்டு. அம்மா குறுக்குக்கட்டோடு, சவுக்காரமும் கையுமாக ஏரிக்குள் இறங்கப் போனா. “அம்மம்மா, நோ! சோப் ஏரிக்குள்ள போகக்கூடாது!” ‘பயோடிகிரேடபிள்’ என்று எழுதியிருக்கிற சோப்பும் தண்ணீருக்குள் போகக்கூடாது. அது சிதைய மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் வேண்டும். கரையில் இருந்து ஏறக்குறைய 60 மீட்டர் தள்ளி நின்று கழுவி, அந்தத் தண்ணீரை மண்ணில் பரவலாக ஊற்ற வேண்டும். அம்மா கோபிக்கப் போறா என்று நினைத்தேன். “சரிதான். எங்கட ஊரிலயும் குளிச்ச தண்ணி கிணத்துக்குள்ள போக விடமாட்டம். வாய்க்காலால வாழைக்குத்தான் போகும்” என்று சொல்லிக் கரையேறிவிட்டா.

குளிப்புக்கும் வழி கிடைத்தது. அடுப்பில் ஒரு கேத்தில் தண்ணீர் சூடாக்கி, பச்சைத் தண்ணீர் கலந்து, ஒரு சின்னத் துவாயை நனைத்து முகம், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, கடைசியாகக் கால் என்று துடைத்தால் உடம்பு லேசாகிவிடும். படுக்கும்போது சமைத்த உடுப்பை மாற்றிக் காய்ந்த உடுப்பு, காய்ந்த காலுறை. பற்பசை, சவுக்காரம், வாசனைக் கிரீம் எல்லாம் இரவில் காருக்குள் போய்விடும். கரடிக்கு அவையும் சாப்பாட்டு வாசனைதான். ஈரத் துடைப்பான்களைக் குழிக்குள் போடாதீர்கள், அவை உக்காது. ஒரு பையில் கட்டிக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டு போங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் வடிகட்டி, சோற்றுப் பருக்கையைக் குப்பையில் போடுங்கள்.

இதெல்லாம் பெரிய வித்தை இல்லை. ஆனால் போவதற்கு முதல் பிள்ளையிடம் வாய் திறந்து சொல்லுங்கள்: கக்கூஸ் எப்படி இருக்கும், தண்ணீரை எதில் கொண்டு போகலாம், யாராவது கேட்டால் என்ன சொல்லலாம். பெரியபிள்ளையாகும் வயதில் மகள் இருந்தால் மாற்றுத் துணியும் பட்டைகளும் அவளுடைய பையிலேயே இருக்கட்டும்.

மூன்றாம் நாள் பக்கத்து டென்ட் பிள்ளை உண்மையாகவே கேட்டுவிட்டாள், “அந்தப் போத்தல் எதுக்கு?” எனக்கு நெஞ்சு திக்கென்றது. மகள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், “கழுவுறதுக்கு. எங்கட வீட்டில அப்பிடித்தான்.” அந்தப் பிள்ளை “ஓ” என்றாள். பிறகு ரெண்டு பேரும் தவளை பிடிக்க ஓடிவிட்டார்கள்.