பாலைவனத்துக்குக் குடையோட போனோம்!

பாலைவனத்துல வண்டி ஓட்டணும்னு உங்களுக்கு எப்பவாவது ஆசை வந்திருக்கா?

எங்க நாலு பேருக்கும் வந்துச்சு. வந்த இடம், திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து டீக்கடை. நேரம், 2023 ஆகஸ்ட்ல ஒரு ராத்திரி ஒன்பது மணி. செல்போன்ல, ஜெய்சல்மேர் மணல்மேட்டுல யாரோ ஒருத்தர் புழுதி பறக்க பைக் ஓட்டிட்டிருந்தார். அவ்வளவுதான்... 'டிசம்பர் லீவுல போறோம்டா மச்சான்!'னு அந்த நிமிஷமே முடிவாயிடுச்சு. எங்ககிட்ட இருந்தது ஒரு ஸ்ப்ளெண்டர், ஒரு பழைய பல்சர். நாலு பாக்கெட்டையும் கவிழ்த்தா நானூத்திச் சொச்சம் ரூபாய்!

நாலு பேரையும் அறிமுகப்படுத்திடறேன். பேர் வேணாம், பதவி போதும். கணக்கு எழுதறவன் கேஷியர். சத்தத்தை வெச்சே வண்டிக்கு என்ன வியாதினு சொல்றவன் மெக்கானிக். எங்கே நிறுத்தினாலும் 'பரோட்டா இருக்கா?'னு கேக்கறவன் சாப்பாட்டு மந்திரி. வழி பார்க்கறவன் மேப்பு. அது நான்தான்.

மேப்பு முதல் வேலையா தூரம் பார்த்தேன். விழுப்புரத்துலேர்ந்து ஜெய்சல்மேருக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. போய் வர்றதுக்குள்ள லீவே முடிஞ்சிடும். பெட்ரோல் செலவைக் கேஷியர் போட்டுக் காட்டினதும், குடிச்ச டீ கசந்துச்சு.

அப்போதான் கண்ணுல பட்டுது, தேரிக்காடு.

நம்ம ஊர்லயே ஒரு பாலை

தூத்துக்குடி மாவட்டத்துல, திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவுல கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் ரத்தச் சிவப்புல மணல். அதுதான் தேரி. மணல்ல இரும்புத்தாது கலந்திருக்கறதாலதான் அந்த நிறம். காத்து கொண்டுவந்து குவிச்ச மேடுகள், நடுநடுவே பனை, முந்திரி, உடைமரம். இங்கே கிடைச்ச சின்னச் சின்னக் கல் ஆயுதங்களைப் பத்தி ஸாய்னர், ஆல்ச்சின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1956-லயே எழுதியிருக்காங்க. அப்படினா, நமக்கு முன்னாடியே இந்த மணல்ல 'ட்ரிப்' அடிச்ச ஆளுங்க இருந்திருக்காங்க பாஸ்!

முல்லையும் குறிஞ்சியும் காய்ஞ்சு போனா அதுதான் பாலைனு சிலப்பதிகாரம் சொல்லும். ஸ்கூல்ல மார்க்குக்காகப் படிச்சது. அதுக்கு இப்படி ஒரு செகப்பு உருவம் இருக்கும்னு யாரும் எங்களுக்குச் சொல்லலை.

இன்னொரு ஆச்சரியம் ரோடு. வேலூர்ல கிளம்பற என்.ஹெச். 38 திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி, மதுரைனு ஓடி தூத்துக்குடியில முடியுது. அதாவது விழுப்புரத்துல ஏறினா தூத்துக்குடி வரைக்கும் ஒரே நம்பர். அங்கேருந்து திருச்செந்தூர் 40 கிலோமீட்டர். மொத்தம் ஏறக்குறைய 480 கிலோமீட்டர். வழி கேக்கவே வேணாம். மேப்புக்கு வேலை போச்சு!

பிளான் நம்பர் ஒன்: கோவிந்தா!

தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில்ல கார்த்திகை கடைசியில 'கள்ளர் வெட்டு' திருவிழா நடக்கும். அந்தத் தேரி மண்ணைச் சனங்க பக்தியா அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவாங்க. அந்தக் கூட்டம் கலைஞ்சதும் போகலாம்னு 2023 டிசம்பர் 22-ஐக் குறிச்சோம்.

டிசம்பர் 17, 18... தென்மாவட்டங்களே மிதந்துச்சு. திருச்செந்தூருக்குப் பக்கத்துல இருக்கற காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. நம்ம விழுப்புரம் வழியா வர்ற செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோட ஸ்ரீவைகுண்டத்துல மாட்டிக்கிட்டதை நாடே டிவியில பார்த்துச்சு.

'பாலைவனத்துக்குப் போக முடியலை, காரணம் வெள்ளம்'னா யாராவது நம்புவாங்களா? சிரிச்சுட்டு அந்தப் பக்கத்தை மூடினோம். அந்தப் பக்கம் நம்ம ஊர் இல்லியே, அதான் சிரிக்க முடிஞ்சுது.

பிளான் நம்பர் டூ: இதைச் சிரிச்சுட்டுச் சொல்ல முடியாது

2024 ஜனவரியிலேர்ந்து தலைக்கு மாசம் 400 ரூபாய். கேஷியர் ஈவு இரக்கமே இல்லாம வசூல் பண்ணினான். நவம்பர் முடியறப்போ நோட்டுல 17,600 ரூபாய். ஞாயித்துக்கிழமைகள்ல திருவக்கரை பக்கம் செம்மண் பாதையில ஓட்டிப் பழகினோம். கல்மரப் பூங்கா இருக்கே, அந்த ஏரியா. ரெண்டு கோடி வருஷத்து மரம் கல்லா படுத்திருக்கற இடத்துல நாங்களும் நாலஞ்சு தடவை படுத்தோம், வண்டியோட!

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவுல இருக்கற மயிலத்துல மட்டும் ஒரே நாள்ல 51 சென்டிமீட்டர். ரெண்டு நாள்ல சாத்தனூர் அணையிலேர்ந்து திறந்த தண்ணி தென்பெண்ணையில திரண்டு வந்து, அரசூர்ல ஹைவேயையே மூடிடுச்சு. ரயில் பாலத்தைத் தண்ணி தொட்டதால ரயிலும் நின்னுச்சு.

எங்க மெக்கானிக்கோட வீடு அரசூர் பக்கம், ஆத்தோரம்.

மூணாம் நாள்தான் போக முடிஞ்சுது. வீட்டுல எல்லாரும் பத்திரம். ஆனா வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி நின்ன கோடு சுவத்துல அப்படியே இருந்துச்சு. அரிசி மூட்டை, பாய், தங்கச்சியோட புத்தகம் எல்லாம் ஒரே சேறு. திண்ணையோரம் அந்த ஸ்ப்ளெண்டர், கண்ணாடி மட்டும் வெளியில தெரிஞ்சபடி சேத்துல சாய்ஞ்சிருந்துச்சு. அவன் ஊர்லேர்ந்து விழுப்புரத்துக்கு வேலைக்குப் போறதே அதுலதான்.

ரெண்டு நாள் மண்வெட்டியும் துடைப்பமுமா நின்னோம். மூணாம் நாள் கேஷியர் 17,600 ரூபாயையும் எடுத்து நீட்டினான். மெக்கானிக் கையை இழுத்துக்கிட்டான்.

'இது ட்ரிப் காசுடா. நீங்க போய்ட்டு வாங்க. நான் வரலை.'

'கடனா வெச்சுக்கடா.'

'அதான் வேணாங்கறேன். உங்க மூஞ்சியைப் பார்க்கறப்பெல்லாம் கடன் ஞாபகம் வரணுமா?'

என்ன சொல்றதுனு எங்களுக்குத் தெரியலை. அதுக்கப்புறம் ஒரு வாரம் எங்க போனையே அவன் எடுக்கலை. ஒரு ட்ரிப் கேன்சலானதுக்கெல்லாம் எங்களுக்கு வருத்தம் இல்லை. ஒரு ஆளே கேன்சலாயிடுவானோனுதான் பயம்.

வழி கண்டுபிடிச்சது மேப்பு இல்லை, கேஷியர். நோட்டைத் திறந்து எழுதினான்: 'பயணச் செலவு: வண்டி ரிப்பேர்: ரூ.6,500.' நேரா போய் அவன்கிட்ட காட்டினான். 'ட்ரிப்புக்கு ரெண்டு வண்டி வேணும். அதுல ஒண்ணு ரிப்பேர். ரிப்பேர் செலவு ட்ரிப் கணக்கு. இதுல கடன் எங்கேடா வந்துச்சு?'

மெக்கானிக் ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தான். அப்புறம், 'ஆறாயிரத்தி ஐந்நூறு ஜாஸ்தி. லேபர் நானே பார்த்துக்கறேன். ஐயாயிரம்னு மாத்து'ன்னான்.

நடுவுல ஒண்ணு, அவன் சொல்லிக் கொடுத்தது. தண்ணியில மூழ்கின வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கிக்கரை உதைக்காம தள்ளிட்டே போய் இன்ஜின் ஆயிலை வடிச்சு, ஏர் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் கழட்டிச் சுத்தம் பண்ணி, புது ஆயில் ஊத்தின பிறகுதான் கிக்கர்ல கால் வைக்கணும். அவசரப்பட்டு உதைச்சா இன்ஜின் காலி.

பிளான் நம்பர் த்ரீ: பின்பனி

இந்தத் தடவை டிசம்பர் பக்கமே போகலை. வடகிழக்குப் பருவமழை இருக்கற நம்ம மாநிலத்துக்கு ராஜஸ்தான் காலண்டர் ஒத்துவராது. அங்கே டிசம்பர்னா குளிர், இங்கே டிசம்பர்னா புயல் சின்னம். ஜூன்ல ஆரம்பிச்சா தேரியில காத்து மணலை வாரி அடிக்கும். நடுவுல இருக்கற தை, மாசிதான் தோது. அப்புறம் பார்த்தா, தொல்காப்பியம் பாலைக்கு வேனிலோட பின்பனியையும் சேர்த்தே சொல்லுது. பின்பனினா மாசி, பங்குனி! அவர் சொன்னதைக் கேட்டிருந்தா ரெண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

2025 பிப்ரவரி 14, மாசி பிறந்த மறுநாள். உலகமே ரோஜாவோட அலைஞ்ச அன்னிக்கு விடிகாலை நாலு மணிக்கு நாங்க கிளம்பினோம். மெக்கானிக் பையில ஸ்பேனர், பஞ்சர் கிட், கைப் பம்பு... கூடவே ஒரு கறுப்புக் குடை. 'பாலைவனத்துக்குக் குடையாடா?'னு சாப்பாட்டு மந்திரி விழுந்து விழுந்து சிரிச்சான். மெக்கானிக் சிரிக்கலை. 'இருக்கட்டும்'னு மட்டும் சொன்னான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குத் தேரி ஓரம் நின்னோம். அங்கே கத்துக்கிட்டதை அப்படியே தர்றேன், எடுத்துக்கங்க.

குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அங்கே பைக்கை விடற எண்ணமே வேணாம். மிச்ச இடத்துல பனை, முந்திரித் தோப்புகளுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க. கேட்டுட்டு, ஊர்க்காரங்க போற வண்டிப்பாதையில மட்டும் போங்க. மேட்டுல ஏறி அங்கே பிடிச்சு நிக்கற செடியைச் சிதைச்சா, அடுத்த காத்துல அந்த மண்ணு யாரோட தோட்டத்துலயோ போய் விழும்.

காலையில பனி இறங்கின மணல் கெட்டியா இருக்கும். வெயில் ஏற ஏற இளகிடும். டயர் காத்தை 20 வரைக்கும் இறக்குங்க. ரொம்ப இறக்கினா டியூப் நகர்ந்து வால்வு பிய்ஞ்சுடும். பின்னாடி ஆள் வேணாம், அவர் நடந்து வரட்டும். முன் பிரேக்கை மறந்துடுங்க. சக்கரம் புதைஞ்சா ஆக்சிலேட்டரை முறுக்காதீங்க, முறுக்க முறுக்கக் குழிதான் ஆழமாகும். இறங்கி, வண்டியைப் பக்கவாட்டுல சாய்ச்சு, குழியில மண்ணைத் தள்ளிட்டு நிமிர்த்துங்க. உடைமரத்து முள்ளுக்கு டயர்னா ரொம்பப் பிடிக்கும், அதனால பஞ்சர் கிட் கட்டாயம். தலைக்கு மூணு லிட்டர் தண்ணி.

எல்லாத்தையும் விட முக்கியம், திரும்பற நேரம். அதை வீட்டுலயே எழுதிடுங்க. நாங்க எழுதினது ஒன்பதரை. அந்த நேரத்துல எனக்கு எதிர்ல ஒரு அருமையான பாதை. 'ஒரே ஒரு வளைவுடா'ன்னேன். கேஷியர் வாட்ச்சைக் காட்டினான். தியரி சபீன்ங்கற பிரெஞ்சுக்காரர் 1977-ல ஒரு பைக் ரேஸ்ல லிபியப் பாலைவனத்துல வழி தவறி, நல்லவேளையா காப்பாத்தப்பட்டார். அவர்தான் அடுத்த வருஷம் டக்கார் ராலியைத் தொடங்கினவர். தொலைஞ்சு போய் மீண்டா ராலி தொடங்கலாம். மீளலைனா? திரும்பினோம்.

ரோட்டோர டீக்கடையில ஒரு பெரியவர். 'எங்கேருந்து வாரிய தம்பி?'

'விழுப்புரம் பக்கம் ஐயா.'

'விழுப்புரமா? போன கார்த்திகையில உங்க பக்கம்லா வெள்ளம்! வீட்டுல எல்லாரும் சொகமா இருக்காவளா?'

நாங்க மூணு பேரும் மெக்கானிக்கைப் பார்த்தோம். 'இருக்காங்க ஐயா. வீட்டுக்குள்ளதான் இடுப்பளவு தண்ணி'ன்னான்.

'எங்களுக்கு அதுக்கு முந்துன மார்கழியில. தண்ணி கூடப் போயிரும்யா, அந்தச் சேறு இருக்கே...' பெரியவர் நகர்ந்து பெஞ்சுல இடம் விட்டார். மெக்கானிக் உட்கார்ந்தான்.

அரை மணி நேரம் ரெண்டு பேரும் பேசினாங்க. அரிசி மூட்டை, ஆட்டுக்குட்டி, ரேஷன் கார்டு, சுவத்துக் கோடு... எங்ககிட்ட ரெண்டரை மாசமா சொல்லாத எல்லாத்தையும், முன்னப்பின்னே தெரியாத ஒருத்தர்கிட்ட அவன் சொன்னான். நாங்க மூணாவது டீ வாங்கினோம். 2023-ல அதே வெள்ளத்தை டிவியில பார்த்துச் சிரிச்சது ஞாபகம் வந்துச்சு.

கிளம்பறப்போ வண்டியில கட்டியிருந்த குடையைப் பெரியவர் பார்த்துட்டார். 'தேரிக்குக் குடையா!'

'பழக்கமாயிடுச்சு ஐயா'ன்னு சொல்லிட்டு மெக்கானிக் சிரிச்சான். பெரியவரும் சேர்ந்து சிரிச்சார்.

திங்கட்கிழமை ராத்திரி திண்டிவனம் வந்து சேர்ந்தோம். அதே டீக்கடை. கேஷியர் நோட்டைப் பிரிச்சுக் கூட்டி, மிச்சம் 860 ரூபாய்னு அறிவிச்சான். அதை என்ன பண்றதுன்னு ஒரு சண்டை. மெக்கானிக்தான் முடிச்சு வெச்சான்: 'அடுத்த பக்கத்துல முன்வரவுனு எழுது.'

உங்க கேங்குலயும் பாலைவன ஆசை இருக்கா? மேப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் பாஸ். முதல்ல கேஷியர் யாருனு முடிவு பண்ணுங்க. ஆங்... அந்தக் குடையை மறந்துடாதீங்க!