‘மிஸ்ஸியம்மா’வும் மலைச்சிறுமியின் வினாவும்

சென்ற விடுமுறையில் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரையடுத்து நாங்கள் நடத்திய மாணவர் முகாமில், ஓரிரவு வெள்ளைத் துணி கட்டி ‘மிஸ்ஸியம்மா’ படத்தைக் காட்டினோம். எல். வி. பிரசாத் இயக்கிய இப்படம் 1955-ஆம் ஆண்டு வெளிவந்தது. மணமான பட்டதாரிகளே ஆசிரியராக வேண்டுமென ஜமீன்தார் விளம்பரஞ் செய்ய, வேலையற்ற பாலுவும் கிறிஸ்தவப் பெண்ணாகிய மேரியும் கணவன் மனைவியரென நடித்து அப்பள்ளியிற் சேர்கின்றனர்.

காதலன் ஜெமினி கணேசனேயாயினும், நகைச்சுவையைத் தாங்குவோர் இரு பெண்டிரே. ஜமீன்தார் மகள் சீதாவாகிய ஜமுனா, பாலுவிடம் சங்கீதம் கற்க அமருந்தோறும் மேரியாகிய சாவித்திரியின் முகத்திற் சினம் ஏறுகிறது. பொய்க் கணவன் மீது மெய்ப் பொறாமை! சீதாவின் கள்ளமின்மையன்றோ அச்சினத்தை நகைப்பாக்குகிறது? மலைமக்கள் வயிறு குலுங்க நகைத்தனர்.

ஈற்றில், இளமையிற் காணாமற்போன ஜமீன்தார் மகளே மேரி என்பது காலிலுள்ள மச்சத்தால் வெளிப்பட, மணத்துக்குத் தடை நீங்குகிறது. மேரியாகவே அவளைப் பாலு மணந்திருத்தலாகாதா? கதை செய்தோர் அவ்விடத்து அஞ்சிவிட்டனர் என்றே கருதுகிறேன்.

விளக்கேற்றியதும் சிறுமி ஒருத்தி என்னருகே வந்து, “அண்ணா, அந்த அக்காவை வளர்த்த அம்மா இனி யாரோடு இருப்பாங்க?” என்றாள். எங்களுள் எவரும் விடை கூறவில்லை.