பத்து நிமிடம் காத்திருக்காத கடை

மதுரையில் நான் தினமும் டீ குடிக்கும் கடையில், பாய்லர் பக்கத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கிறது. கைபேசியில் பணம் அனுப்பியதும் "பன்னிரண்டு ரூபாய் பெறப்பட்டது" என்று ஒரு பெண் குரல் கத்தும். மாஸ்டர் தலைகூட நிமிர மாட்டார். அடுத்த கிளாஸுக்கு ஆற்றத் தொடங்கிவிடுவார். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் என் மனசு பெர்லினுக்குப் போய்விடுகிறது. அங்கே ஒரு கடையில் இதே போல ஒரு கட்டத்தைக் கைபேசியால் படம் பிடித்துச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். 2013-இல். ரூபாயும் இல்லை, யூரோவும் இல்லை. பிட்காயின்.

படிப்பதற்காக 2012 இலையுதிர் காலத்தில் அந்த ஊருக்குப் போனேன். கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில் ஷோன்லைன் தெரு நிலத்தடி ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் லாண்ட்வேர் கால்வாய் வரும். கரையில் செவ்வாய், வெள்ளிகளில் துருக்கிச் சந்தை கூடும். கத்தரிக்காய், கொத்தமல்லிக் கட்டு எல்லாம் நம் ஊர்போலக் கூவி விற்பார்கள். சந்தையில் காய் வாங்கிக்கொண்டு நடந்தால் கொஞ்ச தூரத்தில் கிரேஃபே தெரு. அதில் 77-ஆம் எண் கட்டடத்தில் இருந்தது 'ரூம் 77' என்ற மதுக்கூடம். பழைய மர மேசைகள், மங்கிய விளக்கு. 'முதலாளித்துவத்தின் முடிவில் உள்ள உணவகம்' என்று தன்னைத் தானே அழைத்துக்கொண்ட கடை. அதன் உரிமையாளர் யோர்க் பிளாட்ஸர் 2011-லேயே பிட்காயின் வாங்கத் தொடங்கிவிட்டார். உலகத்தில் அப்படி வாங்கிய முதல் மதுக்கூடங்களில் அது ஒன்று. அவரைப் பார்த்து அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் சிலரும் வாங்க ஆரம்பித்தார்கள். நாலைந்து தெருக்களுக்குள் ஒரு புதுப் பணம் புழங்கியது.

நான் முதல்முறை காசு கொடுத்த ராத்திரி நன்றாக நினைவிருக்கிறது. ஜனவரி குளிர். ஒரு பர்கர், ஒரு பியர், பத்து யூரோவுக்குள். பில் கேட்டதும் பரிமாறுபவர் கைக்கணினியில் தொகையைத் தட்டி நீட்டினார். கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று தோன்றியது. கைபேசியை அதன் மேல் பிடித்தேன். அனுப்பு என்று ஒரு தட்டு. மூச்சு விட்டு மூச்சு வாங்குவதற்குள் அவர் பக்கம் ஒரு சத்தம். "டாங்கே" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு ஒரு பிட்காயின் விலை சுமார் 13 டாலர். நான் சாப்பிட்டது ஏறத்தாழ ஒரு முழுக் காசு. அனுப்பிய கட்டணம் நம் கணக்கில் அரை ரூபாய்கூட இல்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தச் சத்தம் வந்ததால் பணம் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பணம் அனுப்பும் செய்தி வலைப்பின்னலில் பரவத் தொடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய தொகுதி ஒன்று கணக்கேட்டில் சேரும். நம் பரிமாற்றம் அதில் ஏறினால்தான் அது உறுதி. ஆறு தொகுதிகள் சேரும்வரை, அதாவது ஒரு மணி நேரம், பொறுப்பதுதான் பத்திரம் என்பது அன்றைய பாலபாடம். கெட்டிக்காரத் திருடன் ஒருவன் இடைப்பட்ட நேரத்தில் அதே காசை இன்னொரு பக்கம் அனுப்பிவிட்டு நழுவிவிடலாம். அந்தக் கடை இதெல்லாம் தெரியாத கடை இல்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு பெர்லினில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் அவர்கள் பத்து நிமிடம் காத்திருக்கவில்லை.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது எங்கள் தெரு அண்ணாச்சி கடை நோட்டு. "அம்மா கணக்குல எழுதிக்கச் சொன்னாங்க அண்ணாச்சி" என்று சொன்னால் போதும். காது மேல் செருகிய பென்சிலை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி, எழுதிக்கொள்வார். யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும், நாளைக்கும் இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்றும் தெரியும். அதுதான் உத்தரவாதம். சதோஷி நாகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளிவந்த ஒன்பது பக்கக் கட்டுரையின் சாரமே, நடுவில் யாரையும் நம்பாமல் இருவர் பணம் மாற்றிக்கொள்ளலாம் என்பது. நம்பிக்கையே வேண்டாம் என்று பிறந்த பணம். ஆனால் என் பர்கர் மேசைக்கு வந்தது நம்பிக்கையின் பேரில்தான். இந்த முரண் எனக்கு அன்று புரியவில்லை. இப்போது அதற்குத்தான் ஏங்குகிறேன்.

மாதம் ஒருமுறை அங்கே கூட்டம் நடக்கும். கூட்டம் என்றால் மேடை, மைக் எல்லாம் இல்லை. கையில் பியரோடு பேச்சு. புதிதாக வருகிறவனுக்கு யாராவது கொஞ்சம் காசு அனுப்பி, "இப்போது இதைத் திருப்பி அனுப்பு பார்ப்போம்" என்று பழக்குவார்கள். நீச்சல் சொல்லிக்கொடுப்பது போல. யூரோ நோட்டைக் கொடுத்துக் காசு வாங்குவதும் அந்த மேசைகளிலேயே நடக்கும்.

கிழக்கு பெர்லினில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர் வருவார். 1990 ஜூலை 1, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் ஊர்ப் பணமே இல்லாமல் போனது. பெரியவர்களுக்கு ஒரு வரம்பு வரை ஒன்றுக்கு ஒன்று மேற்கு ஜெர்மனி மார்க் கொடுத்தார்கள். அதற்கு மேல் சேர்த்திருந்தவர்களுக்கு இரண்டுக்கு ஒன்று. பன்னிரண்டு வருஷத்தில் அந்த மார்க்கும் போய் யூரோ வந்தது. "மூன்று பணம் பார்த்துவிட்டேன், நாலாவதையும் பார்த்துவிடுகிறேனே" என்பார். அவருக்குக் கணிதமும் தெரியாது, கணினியும் அரைகுறை. பணம் என்பது யாரோ ஒருவர் ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் முடிவு என்று மட்டும் தெரியும். 2013 மார்ச்சில் சைப்ரஸில் வங்கிகளை ஏறத்தாழ இரண்டு வாரம் மூடி, ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் வைத்திருந்தவர்களின் சேமிப்பில் கைவைத்தபோது, அந்த மாதக் கூட்டத்தில் அவர்தான் அதிகம் பேசினார். அவர் பேசியது எனக்கு முழுசாக உறைத்தது 2016 நவம்பரில், மதுரையில் அப்பாவின் செல்லாமல் போன ஐந்நூறு ரூபாய்க் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு வங்கி வரிசையில் நின்றபோதுதான்.

அந்த மேசைகளில் ஓயாமல் நடந்த வாதம் ஒன்று உண்டு: இது செலவழிக்கும் காசா, பூட்டி வைக்கும் தங்கமா? 2.1 கோடிக்கு மேல் காசு உருவாகாது என்பது விதி. பெருகாத பொருளை எவன் செலவழிப்பான் என்பது ஒரு கட்சி. செலவழிக்காத பொருளுக்குப் பணம் என்று எதற்குப் பெயர் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஃப்ளோரிடாவில் லாஸ்லோ ஹான்யெட்ஸ் 2010 மே 22 அன்று இரண்டு பீட்சாவுக்குப் பத்தாயிரம் பிட்காயின் கொடுத்த கதையை இன்றைக்கு ஏமாளிக் கதையாகச் சொல்கிறார்கள். நாங்கள் அப்படிச் சொன்னதில்லை. அவர்தான் முதல் வாடிக்கையாளர். அவர் அன்று பசிக்குச் சாப்பிட்டிருக்காவிட்டால் அந்த எண்களுக்கு விலை என்ற ஒன்றே தோன்றியிருக்குமா என்று கேட்போம். அவர் பெயரைச் சொல்லிக் கிளாஸை உயர்த்துவோம்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. ஆபத்து கூடவேதான் உட்கார்ந்திருந்தது. 2013 ஏப்ரல் 10 அன்று ஒரு காசு 266 டாலர் வரை ஏறி, அன்றே 100-ஐ ஒட்டி இறங்கியது. அப்படிப்பட்ட நாளில் ஆர்டர் கொடுத்த விலை வேறு, பில் வந்த விலை வேறு. ஆகஸ்டில், ஆண்ட்ராய்டு கைபேசிகளில் சமவாய்ப்பு எண் உருவாக்கும் நிரலில் ஓட்டை என்று தெரியவந்தது. அதை வைத்து, காசைச் செலவழிக்க உரிமை தரும் ரகசியச் சாவியையே கணக்குப் போட்டு எடுத்துவிடலாம். ஆளாளுக்குப் பதறிப்போய்ப் புது முகவரிகளுக்குக் காசை மாற்றினோம். அக்டோபரில் போதைப்பொருள் விற்ற 'சில்க் ரோடு' சந்தையை அமெரிக்கக் காவல்துறை மூடியபோது, நாங்கள் பர்கருக்குக் கொடுத்த அதே காசில்தான் அந்த வியாபாரமும் நடந்தது என்பதை முகத்துக்கு நேராகப் பார்க்க வேண்டியிருந்தது. 2014 பிப்ரவரி கடைசியில் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் என்ற பிட்காயின் மாற்றுச் சந்தை திவாலானது. ஏறத்தாழ எட்டரை லட்சம் காசு காணோம் என்று அறிவித்தார்கள், பிறகு இரண்டு லட்சம் அகப்பட்டது. உனக்கு நீயே வங்கி என்று பேசிய உலகத்தில், அத்தனை பேர் காசை ஒரே அந்நியன் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள்.

அதற்கு முன்பே காற்று மாறியிருந்தது. 2013 நவம்பர் கடைசியில் விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. கூட்டத்துக்குப் புது முகங்கள் நிறைய வந்தன. அவர்கள் யாரும் பர்கருக்குக் காசாகக் கொடுக்கவில்லை. யூரோவில் கொடுத்துவிட்டு, கைபேசியில் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் கை வரவில்லை. பில்லை நீட்டினால் முதல்முறையாக யோசித்தேன். நாளைக்கு ஏறிவிட்டால்? அந்த யோசனை வந்த ராத்திரியே அது காசாக இருப்பதை நிறுத்திவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. யாரும் தடை போடவில்லை, கடையும் மறுக்கவில்லை. நாங்களே கையை மடக்கிக்கொண்டோம்.

மிச்சத்தை நெரிசல் முடித்து வைத்தது. தொகுதி பத்து நிமிடத்துக்கு ஒன்றுதான், அதில் இடமும் அளவானது. 2017 டிசம்பரில் ஒரு பரிமாற்றத்துக்கான சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டிய நாட்கள் உண்டு. பத்து யூரோ சாப்பாட்டுக்கு ஐம்பது டாலர் வண்டிக் கூலி! கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் அதே மாதம் பிட்காயின் வாங்குவதை நிறுத்தியது. இங்கே இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2013-லேயே எச்சரித்து, 2018 ஏப்ரலில் வங்கிக் கதவைச் சாத்தியது. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் திறந்துவிட்டது. 2022-இலிருந்து லாபத்தில் 30 விழுக்காடு வரி. பிட்காயின் கொடுத்து ஒரு டீ குடித்தால், அந்தத் துளிக் காசை என்றைக்கு எவ்வளவுக்கு வாங்கினோம் என்று கணக்குப் பார்த்து வரி கட்ட வேண்டும். யார் குடிப்பார்கள்? நாங்கள் கனவு கண்ட காட்சி, கட்டத்தைக் காட்டு, காசு போகட்டும், டீயைக் குடி என்பது, எங்கள் வழியாக வரவில்லை. நாங்கள் யாரை நடுவில் வேண்டாம் என்றோமோ அந்த வங்கிகள் வழியாகவே வந்து, பாய்லர் பக்கத்தில் பெண் குரலில் கத்துகிறது. ஒழுங்காகவும் வேலை செய்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

2024 டிசம்பரில் ஒரு காசு ஒரு லட்சம் டாலரைத் தொட்டபோது அலுவலகத்தில் ஒரு தம்பி கேட்டான்: "அன்னிக்கு அந்த பர்கரைச் சாப்பிடாம இருந்திருந்தா இன்னிக்கு எண்பது லட்சம் சார். வயிறு எரியலயா?" எரியவில்லை என்றால் பொய். ஆனால் எரிவது பர்கருக்காக இல்லை.

2014-இல் ஊர் திரும்பும்போது, என் பிட்காயின் சாவி இருந்த மடிக்கணினியை விற்றேன். என் சாவியைத் திரும்ப உருவாக்கத் தேவையான பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களைக் காகிதத்தில் எழுதி வைத்திருந்த தைரியத்தில், வட்டை முழுசாக அழித்துக் கொடுத்தேன். காகிதத்தை ஜெர்மன் இலக்கணப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்தேன். பெர்லினில் வீட்டைக் காலி செய்கிறவர்கள், வேண்டாத சாமான்களை அட்டைப் பெட்டியில் போட்டு, 'இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி வாசலில் வைப்பார்கள். அந்தப் பெட்டியில் புத்தகத்தையும் போட்டுவிட்டேன். விமானம் ஏறி மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. இரண்டாவதாக ஒரு பிரதி எழுதாதது என் சோம்பல். யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. மறந்த சாவிக்கு மனுப் போட இந்தப் பணத்தில் ஒரு அலுவலகமும் கிடையாது. அதைத்தான் சுதந்திரம் என்று அந்த மேசையில் தட்டித் தட்டிப் பேசினேன்.

ரூம் 77-ஐ 2020-இல் மூடிவிட்டார்கள். அந்தப் பெரியவர் இருக்கிறாரா என்று தெரியாது. என் முகவரி மட்டும் பழைய மின்னஞ்சல் ஒன்றில் இருக்கிறது. பிட்காயின் கணக்கேடு உலகத்துக்கே திறந்தது என்பதால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நானும் எப்போதாவது பார்ப்பேன். ஒன்றேகால் காசுக்குக் கொஞ்சம் மேலே அங்கே அப்படியே நிற்கிறது. கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. கடைசி வரவு செலவு 2014 மார்ச். 0.05 காசு என் கைபேசிக்குப் போயிருக்கிறது. அந்த வாரத்துச் சாப்பாட்டுச் செலவு.