ஓடாத பெண்

'பாலா' என்ற சொல் நம் செவிக்கு ஒரு பெண்பிள்ளையின் பெயராகவே ஒலிக்கும். ஸ்பானிய மொழியிலோ அது துப்பாக்கி ரவையைக் குறிப்பது. மெக்சிக்கோ நெறியாளர் ஹெரார்டோ நரான்ஹோ 2011ஆம் ஆண்டில் அளித்த 'மிஸ் பாலா' என்னும் திரைப்படத்தின் தலைப்பு, கதாநாயகி பங்குகொள்ளும் 'மிஸ் பாஹா' அழகுராணிப் போட்டியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி அமைத்த சிலேடையாகும்.

லோரா, திஹுவானா நகரத்து இளம்பெண். தந்தையோடும் தம்பியோடும் வாழ்ந்து, துணி விற்றுப் பிழைப்பவள். தோழியின் பொருட்டு ஓர் இரவுக் கேளிக்கை விடுதிக்குச் செல்கிறாள். அங்கே போதைப்பொருட் கும்பலொன்று புகுந்து சுடுகின்றது. அவள் தப்பிவிடுகிறாள்; தோழியைக் காணவில்லை. அடுத்த நாள் வீதியிலே ஒரு பொலிஸ்காரனைக் கண்டு முறையிடுகிறாள். அவன் அவளைத் தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டுபோய் அந்தக் கும்பலிடமே ஒப்படைத்துவிடுகிறான்.

படத்தின் உயிர்நிலை இக்காட்சியே என்பது என் துணிபு. நல்ல குடிமகள் ஒருத்தி செய்யவேண்டியதைத்தான் அவள் செய்தாள். பிணங்கள் கிடக்கும் வாகனத்தை ஓட்டுவதும், பணக்கட்டுகளை இடையில் ஒட்டிக்கொண்டு அமெரிக்க எல்லையைக் கடப்பதும், கும்பலின் செல்வாக்கால் கிடைத்த முடியைச் சூடுவதும் அந்த ஒரு முறைப்பாட்டின் விளைவுகளேயாம்.

அந்தப் பொலிஸ்காரன் கற்பனையின் மிகை எனச் சிலர் கருதலாம். 2006ஆம் ஆண்டு டிசம்பரில் ஜனாதிபதி பெலிப்பே கால்டெரோன் இக்கும்பல்களுக்கு எதிராக இராணுவத்தை ஏவினார். அவ்வாட்சியில் 2012 வரை பொதுப் பாதுகாப்பு அமைச்சராயிருந்த ஹெனாரோ கார்சியா லூனா, சினலோவா கும்பலிடம் கையூட்டுப் பெற்றாரென 2023இல் நியூயோர்க் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். மறு ஆண்டு முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அமைச்சரே அவ்வாறாயின், தெருவில் நின்றவனைப்பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

இப்படத்தைப் பற்றி நண்பர்களோடு உரையாடியபோது ஒருவர், "ஏன் அவள் ஓடவில்லை? ஏன் எதிர்க்கவில்லை?" எனச் சற்றுச் சினத்தோடு கேட்டார். ஓடுவதற்கு ஓர் இடம் வேண்டுமல்லவா? அவளுடைய வீட்டைக் கும்பல் அறியும். வீட்டிலே தம்பி இருக்கிறான். அவள் தலையசைத்தாள் என்பது உண்மை. அதனைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனாற்போலும் நரான்ஹோ கமராவை அவள் முதுகின் பின்னாலேயே நெடுநேரம் நிறுத்துகிறார். அவள் அறியாதது நமக்கும் தெரியாது. சூட்டுச் சத்தம் கேட்கும். சுடுபவன் யாரெனத் தெரியாது. ஸ்டெபனி சிக்மானின் நடிப்பிலும் வீர வசனமில்லை. அச்சத்தால் மரத்துப்போன முகமொன்றே உண்டு.

2019இல் ஹொலிவூட் இக்கதையை மீண்டும் எடுத்தது. அதில் நாயகி துப்பாக்கி ஏந்தி வெல்கிறாள். முடிவில் அமெரிக்க உளவுத்துறையே அவளை வேலைக்கு அழைக்கிறது. என் நண்பர் விரும்பிய படம் அதுதான். பார்க்க இன்பமாயிருக்கும், ஆயினும் துப்பாக்கி ஏந்தாதவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அது நம்மைப் பழக்கிவிடுகிறது.

மூலப்படத்து லோராவும் ஒரேயொருமுறை துணிகிறாள். கொல்லப்படவிருந்த இராணுவ ஜெனரலை எச்சரித்து உயிர்காக்கிறாள். அதற்குப் பின்னர்தான் அவளை அடித்து, கும்பலைச் சேர்ந்தவளெனச் செய்தியாளர் முன் நிறுத்துகிறார்கள். இறுதியில் ஒரு வாகனத்தில் ஏற்றிச் சென்று தெருவிலே இறக்கிவிடுகிறார்கள். ஏன் விட்டார்கள் என்பதை அவளுக்கு எவரும் சொல்வதில்லை.