அரசியர் சுமந்த பழி

அரசர்களின் வரலாற்றைப் படிக்கும்போது, அரசியரின் பெயர்கள் இன்னாருக்கு மனைவி, இன்னாருக்குத் தாய் என்ற அளவிலேயே நம் கண்ணில் படுகின்றன. ஆனால் அரசு ஒன்று சரியும் வேளையில் மட்டும், எங்கோ கிடந்த அப்பெயர்கள் முன்னே இழுத்து நிறுத்தப்படுகின்றன. பழியைச் சுமக்க ஒருவர் வேண்டுமல்லவா? ஆப்கானிஸ்தானின் அரசி சொராயாவுக்கு நேர்ந்ததும் இதுவே.

சொராயா 1899-இல் டமாஸ்கஸ் நகரில் பிறந்தவர். தந்தை மகமூத் தார்சி, நாடுகடத்தப்பட்ட குடும்பத்தைச் சார்ந்த எழுத்தாளர். குடும்பம் தாயகம் திரும்பியபின், 1913-இல் இளவரசர் அமானுல்லா சொராயாவை மணந்தார். 1919-இல் அரியணை ஏறினார். 1921-இல் காபூலில் பெண்களுக்கெனப் பள்ளி திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பெண்களுக்கான இதழ் ஒன்றும் வெளிவந்தது. அதன் ஆசிரியப் பொறுப்பை அரசியின் தாயே ஏற்றிருந்தார். 1928-இல் மாணவியர் சிலர் மேற்படிப்புக்காகத் துருக்கிக்கு அனுப்பப்பட்டனர்.

அதே ஆண்டில் அரச தம்பதியர் ஐரோப்பிய நாடுகளில் பயணம் செய்தனர். முகத்திரையின்றி அரசி தோன்றிய புகைப்படங்கள் மலைநாட்டு மக்களிடையே பரப்பப்பட்டுச் சினத்தைக் கிளறின. நவம்பரில் ஷின்வாரி இனத்தார் கிளர்ந்தெழுந்து, ஜலாலாபாத் அரண்மனையைத் தீக்கிரையாக்கினர். 1929 ஜனவரியில் மன்னர் முடி துறந்தார். பெண்கள் பள்ளிகள் மூடப்பட்டன.

ஓர் அரசியின் முகம் அரியணையைக் கவிழ்த்தது என்றே இன்றும் பலர் கூறுவர். அது முழு உண்மையாகுமா? ஏழை உழவர் மீது வரிச்சுமை ஏறியிருந்தது. கட்டாயப் படைச் சேர்ப்பு இனத் தலைவர்களை வெகுளச் செய்தது. அதிகாரிகள் கையூட்டில் திளைத்தனர். படைவீரர்களோ சொற்ப ஊதியத்தால் மனம் வெறுத்திருந்தனர். இத்தனை காரணங்களையும் எடுத்துரைப்பது கடினம். ஒரு பெண்ணைச் சுட்டிக்காட்டுவது எளிது.

பின்னாளில் நடந்ததையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மன்னர் சாகிர் ஷாவின் காலத்தில், 1959-ஆம் ஆண்டு விடுதலை நாள் விழா மேடையில் அரச குடும்பத்துப் பெண்களும் அமைச்சர்களின் மனைவியரும் முகத்திரையின்றி அமர்ந்தனர். அரசி உமைராவும் இம்மாற்றத்துக்குத் துணைநின்றவர். இம்முறை திரையை அகற்றுமாறு ஆணை எதுவும் பிறக்கவில்லை. அவரவர் விருப்பத்துக்கே விடப்பட்டது. எதிர்ப்பு எழாமல் இல்லை. ஆயினும் அரியணை சரியவில்லை. 1964-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பெண்களுக்கும் வாக்குரிமை அளித்தது. 1973-இல் அவ்வரியணையைக் கவிழ்த்தவர் மன்னரின் நெருங்கிய உறவினரான தாவூத் கானே.

மேலிருந்து விரைந்து திணிக்கப்படும் மாற்றம் வேர்பிடிக்காது என்பது உண்மையே. அமானுல்லாவின் அவசரத்தை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவசரத்துக்குரிய குறை வேறு, கல்விக்குரிய நன்மை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பவர்கள், முதலில் பள்ளிக்கூடத்தின் கதவையே சாத்துகின்றனர். 2021-இல் தாலிபான்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தபோதும் ஆறாம் வகுப்புக்கு மேல் மாணவியருக்குக் கதவு சாத்தப்பட்டது. 1929-இல் இருந்ததாகச் சொல்லப்பட்ட காரணமாகிய அரசி இப்போது அங்கே இல்லை. இழப்பு மட்டும் அதே சிறுமியருக்கு.

சொராயா 1968-இல் உரோமை நகரில் காலமானார். அன்று அரண்மனை பற்றியெரிந்த அதே ஜலாலாபாத்தில், கணவரின் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அவரை விரட்டிய மண்ணே இறுதியில் அவரை ஏற்றுக்கொண்டது. அவர் விரும்பிய கல்வியை அம்மண்ணின் புதல்வியர் எப்போது பெறுவர்?